ஞானமலர் கடலில் விட்ட தேசிக்காய்

ஞானமலருக்குத் தன் மூளைமேல் இருந்த நம்பிக்கை கொஞ்சநஞ்சமில்லை. இருக்கட்டுமே, இருப்பதில் என்ன பிழை? திருகோணமலைப் பாலையூற்றுப் பெட்டை ஒருத்தி, கொழும்புப் பக்கத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், அதுவும் பொறியியல் பீடத்தில் உதவி விரிவுரையாளராக வந்து உட்காருவதென்றால் லேசுப்பட்ட காரியமா? முதல் நாள் அவள் விரிவுரை மண்டபத்துக்குள் நுழைந்தபோது, தட்டெழுத்துக்காரி யாரோ வந்திருக்கிறாள் என்று நினைத்துப் பெடியள் கால்மேல் கால் போட்டபடியே இருந்தார்கள். அவள் வெண்கட்டியை எடுத்து, பலகையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் சமன்பாடுகளால் நிரப்பிவிட்டுத் திரும்பினாள். அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

ஆய்வுகூடத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்றில் அவளுடைய கடல் கிடந்தது. திருகோணமலையின் கொட்டியாரக் குடாவை அப்படியே சுருக்கி, மூன்று வருடமாகப் பாடுபட்டுச் சீமெந்தால் கட்டியிருந்தாள். ஒரு பக்கம் மூதூர், எதிர்ப்பக்கம் கிண்ணியா, நடுவே மகாவலி கங்கை வந்து விழும் வாய். பம்பை முடுக்கினால் தண்ணீர் ஓடும். கங்கை வாயில் மரத்தூளைத் தூவினால், ஓடிச் சுழன்று, ஒவ்வொரு தடவையும் கிண்ணியாக் கரையில் அவள் கறுப்புக் கோடு போட்டு வைத்த இடத்திலேயே போய் ஒதுங்கும். கங்கை கொண்டுவரும் மணலும் அங்கேதான் போகும், ஆகையால் வரப்போகிற இறங்குதுறையை அங்கே கட்டினால் நாலே வருடத்தில் தூர்ந்துவிடும் என்பதுதான் அவளுடைய முதுமாணி ஆய்வேடு. அந்தச் சீமெந்துக் கடல் போனால் ஆய்வேடும் போச்சு.

அது போகும் நிலைமையும் வந்தது. பல்கலைக்கழகத்தில் பெரிய பெரிய மூளைகளெல்லாம் கூடியிருந்து எதற்கு அடிபடுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? அறிவுக்கா? கொட்டகைக்கும் அதன் பூட்டுத் திறப்புக்கும்தான்! கட்டமைப்புப் பகுதிக் கலாநிதி கலீலுர் றஹ்மானுக்குக் கொங்கிறீற்றுத் தூண்களை அமுக்கி உடைத்துப் பார்க்கும் இயந்திரம் ஒன்று கப்பலில் வந்து இறங்கியிருந்தது. வைக்க இடமில்லாமல் படங்கு போர்த்தியபடி முற்றத்தில் மழையில் நின்றது. "பொம்மைக் கடலுக்குக் கொட்டகை, உண்மையான இயந்திரத்துக்குப் படங்கா?" என்று பீடச் சபையில் அவர் கேட்டார். சபை சிரித்தது.

ஞானமலர் விசுக்கென்று எழுந்தாள். பொம்மையோ என்னவோ, அது சொல்வது உண்மை, சந்தேகமென்றால் கடலையே கேட்டுப் பாருங்கள் என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். ஆனால் கோபம் முழுக்கத் தமிழாக இருந்தது.

அவளுடைய ஆய்வை மேற்பார்வை செய்தவர் பேராசிரியர் சிறில். மானிப்பாய்க்காரர். பேயையும் நம்பமாட்டார், மந்திரியையும் நம்பமாட்டார், தன் கைக்கடிகாரத்தைக்கூட வானொலிச் செய்தியோடு ஒத்துப் பார்த்துத்தான் நம்புவார். அவர் எழுந்து தீர்ப்புச் சொன்னார். கங்கை வாயில் உண்மையான மிதவைகளை விடட்டும். அவள் சொன்ன இடத்தில் ஒதுங்கினால் சீமெந்துக் கடல் இருக்கும். இல்லாவிட்டால் வருகிற திங்கட்கிழமை அதை உடைத்து இயந்திரத்தை ஏற்றலாம். தானே வந்து சாட்சியாகப் பார்ப்பார். மிதவையை விட்டபின், அவர் வந்து சேரும்வரை ஞானமலர் அந்தக் கரைப்பக்கமே தலைவைத்தும் படுக்கக்கூடாது. "பிறகு நீரே கொண்டுபோய்ப் போட்டனீர் எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது, பாரும்," என்றார்.

மிதவைக்கு ஆரஞ்சுத் தோடம்பழந்தான் நல்லது என்று பாடப்புத்தகம் சொல்லியிருந்தது. தண்ணீருக்குள் அமிழ்ந்து மிதப்பதால் காற்று இழுக்காது, நீரோட்டம் மட்டுமே கொண்டுபோகும். ஞானமலர் யோசித்தாள். எங்கள் கரையில் தோடம்பழம் ஒதுங்கினால் பிள்ளைகள் விடுமா? உரித்துத் தின்றுவிட்டுத் தோலைக்கூட மிச்சம் வைக்காதுகள். ஒருவரும் தின்னாத, ஒருவரும் ஆசைப்படாத ஒன்று வேண்டும். எது? தேசிக்காய், அந்தப் புளிப்பு எலுமிச்சை! திருகோணமலைச் சந்தையில் ஒரு சாக்குத் தேசிக்காய் வாங்கி, வாளித் தண்ணீரில் போட்டுத் தாழ்ந்ததையெல்லாம் கழித்துவிட்டு, மிதந்ததை மட்டும் பொறுக்கினாள். தூரத்திலும் தெரியட்டும் என்று ஒவ்வொன்றையும் சிவப்புப் பெயின்ற்றில் தோய்த்துக் காயவைத்து, கறுப்பில் இலக்கம் எழுதினாள். தன் கெட்டித்தனத்தை நினைக்க அவளுக்கே புளகாங்கிதமாக இருந்தது.

கிண்ணியாத் துறையிலும் மூதூர் இறங்குதுறையிலும் அறிவித்தல் ஒட்டினாள். 'செந்நிற மிதவைகள் கரையொதுங்கக் காணுமிடத்து, அவற்றை இடம் மாற்றாது, மீனவர் சங்கத்திற்கு அறியத்தருக' என்று சுத்தமான தமிழில் எழுதியிருந்தது. அதில் தேசிக்காய் என்ற சொல் எங்குமே இல்லை. பல்கலைக்கழகத்துத் தமிழில் தேசிக்காய்க்கு ஏது இடம்?

வியாழக்கிழமை விடியப்புறம் வள்ளத்தில் போய்க் கங்கை வாயில் அவ்வளவையும் கொட்டிவிட்டு வந்தாள். சிவப்புப் பொட்டுகளாக அவை குடாவுக்குள் மெல்ல நகர்ந்தன. பிறகு பாலையூற்று வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தாள். சொன்ன சொல் சொன்ன சொல்தான், கரைப்பக்கம் போகவில்லை.

சனிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்கிய பேராசிரியரைக் கூட்டிக்கொண்டு கிண்ணியாக் கரைக்குப் போனாள். பாதையெல்லாம் அவள்தான் கதைத்தாள். கரைக்கு வந்து, வரைபடத்தை விரித்து, கறுப்புக் கோடு போட்ட அந்த இடத்தில் நின்றாள்.

ஒன்றுமில்லை.

வெறும் மணல். இரண்டு தோணிகள், காயப்போட்ட வலை, அலை ஏறி இறங்கும் எல்லையை ஒட்டி காலடியெல்லாம் கவிழ்ந்து கிடந்த தேங்காய்ச் சிரட்டைகள். ஒரு தேசிக்காய், மருந்துக்குக்கூட ஒரு தேசிக்காய் இல்லை. ஞானமலர் வரைபடத்தை மறுபடியும் திருப்பிப் பார்த்தாள். பேராசிரியர் கரையோரமாக நடந்தார். நடக்கும்போது சப்பாத்து நுனியால் ஒரு சிரட்டையைத் தட்டிவிட்டார். அது உருண்டது. அடியில் கொஞ்சம் சாம்பல் இருந்தது.

"அல்லாஹ்வே!" என்று ஒரு சத்தம் கேட்டது. பக்கத்துக் கிடுகு வேலிக்கு மேலால் ஒரு பெண் நெஞ்சில் கையை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது மதிக்கலாம், நல்ல வாட்டசாட்டமான மனுசி.

ஞானமலர் ஓடிப் போய், "ராத்தா, இந்தக் கரையில சிவப்பு மிதவை ஏதும் ஒதுங்கினதைக் கண்டனீங்களோ?" என்று கேட்டாள்.

"ஒண்டும் காணல்ல. நாங்க ஒண்டையும் காணவுமில்ல, தொடவுமில்ல," என்று சொல்லிவிட்டு அவள் படலையைப் படாரென்று சாத்தினாள்.

அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டில் ஆளே வெளியே வரவில்லை. பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "எதிர்ப்பக்கத்தையும் பாத்திட்டே போவம்," என்றார். குரலில் இரக்கம் தெரிந்தது. அந்த இரக்கந்தான் ஞானமலரைக் கொன்றது. திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பாள்.

வள்ளம் பிடித்துக் குடாவைக் கடந்து மூதூருக்குப் போனார்கள். மீனவர் சங்கத்து எழுதுவினைஞர் அவர்களைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஒரு சாக்கைத் தூக்கிவந்தார். "மிஸ், உங்கட சாமான் வந்திட்டுது! நேற்று மத்தியானம் எங்கட கரையில கிடந்தது, கிடந்தபடியே அள்ளிச் சாக்கில போட்டன். இலக்கத்தைப் பாத்து நாந்தான் விளங்கிக்கொண்டன், இது படிச்ச ஆக்கள்ற வேலை எண்டு."

சாக்கைத் தரையில் கவிழ்த்தார். சிவப்புத் தேசிக்காய்கள் உருண்டன. ஞானமலரின் மிதவைகள்தான். மூதூர்க் கரையில்! சீமெந்துக் கடல் சொன்னதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில்!

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடல் பதில் சொல்லிப்போட்டுது, பிள்ளை," என்றார். "மனசைத் தளரவிடாதையும். மாதிரி பிழைச்சால் ஆள் பிழை எண்டில்லை. திங்கட்கிழமை சபையில நானே பக்குவமாச் சொல்லுறன்."

ஞானமலர் குந்தியிருந்து தேசிக்காய்களைப் பார்த்தாள். கண் கலங்கியது. மூன்று வருடம்! அந்தக் கொட்டகைக்குள் தண்ணீரில் நின்று நின்று கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து போயிருக்கிறது. திங்கட்கிழமை கூலிக்காரர் சுத்தியலோடு வந்து மூதூரையும் கிண்ணியாவையும் உடைத்து அள்ளப்போகிறார்கள். கலங்கிய கண்ணைத் துடைத்தபோதுதான், தேசிக்காய்களுக்கிடையே வேறொரு சிவப்பு அவள் கண்ணில் பட்டது. எடுத்துப் பார்த்தாள். காய்ந்த செத்தல் மிளகாய். பக்கத்தில் இன்னொன்று. சாக்கின் மூலையில் ஒரு கைப்பிடி கல்லுப்பு.

"சேர்," என்றாள் மெல்ல. "கடலில தேசிக்காய் மிதக்கும். உப்பும் இருக்கும். செத்தல் மிளகாய் எங்கயிருந்து வந்தது?"

பேராசிரியர் விழித்தார். அவளுக்கோ உச்சந்தலையில் யாரோ ஒரு வாளி தண்ணீரை ஊற்றியது போலிருந்தது. ஐயோ, ஞானமலர், அறிவுகெட்டவளே! நீ எந்த ஊரில் பிறந்தாய்? சிவப்புப் பூசி, கறுப்பில் எழுத்தெழுதின தேசிக்காய் ஒரு வீட்டு வாசலில் கிடந்தால் அந்த வீட்டுக்காரர் என்ன நினைப்பார்கள்? மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயமல்லவா அது! தேசிக்காய் வெட்டுவதும், ஓதுவதும், எழுதிப் புதைப்பதும் இந்தக் குடாவைச் சுற்றி எந்தச் சாதிசனத்துக்குத் தெரியாது? அவளுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். ஆனால் பெயின்ற் பூசுகிற நேரத்தில் அது அவளுக்குத் தேசிக்காயாகவே இருக்கவில்லை, மிதவையாகத்தான் இருந்தது.

"இது தானா வரேல்லை, சேர். செய்வினை எண்டு நினைச்சு, கழிப்புக் கழிச்சு, ஆரோ வள்ளத்தில கொண்டுவந்து கொட்டியிருக்கினம். அனுப்பினவைக்கே திருப்பி அனுப்பியிருக்கினம்!"

"செய்வினையா?" பேராசிரியர் முகத்தைச் சுளித்தார். "பிள்ளை, பீடச் சபையில போய் இந்தக் கதையைச் சொல்ல ஏலுமா? எனக்கு ஆதாரம் வேணும்."

"எடுத்துத் தாறன். வாங்கோ, வள்ளத்தில ஏறுங்கோ," என்றாள். பேராசிரியரிடம் அவள் அப்படிக் கட்டளைபோலப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் மறுபேச்சில்லாமல் ஏறினார்.

கிண்ணியாக் கரையில் இறங்கி, அவள் நேரே அந்தக் கிடுகு வேலிப் படலையில் போய்த் தட்டினாள். அந்த வாட்டசாட்டமான மனுசி எட்டிப் பார்த்தாள். உம்மு குல்சும் என்பது அவள் பெயர். அவளுக்குப் பின்னால் அவள் புருசன் ஸெய்னுதீன் நின்றார். மெலிந்த மனிதர், கையில் வலையூசி.

"திரும்பவும் என்ன டீச்சர்? ஒண்டும் காணல்ல எண்டு சொன்னனே," என்றாள் உம்மு குல்சும்.

சுற்றிவளைத்துக் கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். செய்வினையைத் தொட்டோம் என்று யார்தான் ஒப்புக்கொள்வார்கள்? ஒரே ஒரு வழிதான் இருந்தது.

"ராத்தா, அந்தச் செய்வினை செய்தது நான்தான்," என்றாள்.

பக்கத்து வீட்டு வேலிகளுக்கு மேலால் தலைகள் முளைத்தன. ஸெய்னுதீனின் கையிலிருந்த வலையூசி கீழே விழுந்தது. உம்மு குல்சும் ஞானமலரை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தாள்.

"நீயா? உனக்கு நாங்க என்ன செஞ்ச? உன்ன முன்னப்பின்ன கண்டதுகூட இல்லியே!"

"ஒருத்தருக்கும் செய்யேல்லை ராத்தா. தண்ணி எந்தப் பக்கம் ஓடுது எண்டு பாக்கத்தான் விட்டனான். சந்தையில வாங்கின தேசிக்காய். தூரத்தில தெரியட்டும் எண்டு பெயின்ற் அடிச்சனான். எழுத்தில்லை அது, வெறும் இலக்கம். வேணுமெண்டால் என்னைப் பேசுங்கோ, ஏசுங்கோ."

உம்மு குல்சுமுக்கு இரண்டாம் தடவை சொல்லவேண்டியிருக்கவில்லை. ஏசத் தொடங்கினாள் பாருங்கள்! படிச்ச புள்ளக்கு மண்டைக்குள்ள மூளையா இரிக்கு, களிமண்ணா? ரெண்டு நாளாக் குழந்தை குட்டியள் கடற்கரைக்கு இறங்கினதில்ல. பள்ளிவாசல் லெப்பை வந்து, இதெல்லாம் ஒண்டுமில்ல, போய் வேலையைப் பாருங்கோ எண்டார், ஆர் கேட்டது? என்ர மகன் ஹிஸ்புல்லாக்கு மூதூரில பேசின சம்பந்தம் போன மாசந்தான் குழம்பினது. கடலுக்கு அந்தப் பக்கத்திலயிருந்து சிவப்புத் தேசிக்காய் வந்தா நான் என்னண்டு நினைக்கிற? அவங்கதான் அனுப்பின எண்டு நினைச்சி, இந்த மனுசனக் கொண்டு உப்பும் மிளகாயும் போட்டு அவங்கட கரையிலயே கொட்டவெச்சனே! பாவமெல்லாம் ஆருக்கு?

"எனக்குத்தான் ராத்தா," என்றாள் ஞானமலர். உண்மையாகவே வெட்கமாக இருந்தது. "மூதூருக்குப் போய் அவைக்கும் நானே சொல்லுறன்."

உம்மு குல்சும் மூச்சு வாங்கினாள். கோபம் ஒரு படி இறங்கியது. "சரி. இப்ப உனக்கு என்ன வேணும்?"

"எந்தெந்த இடத்தில கிடந்ததெண்டு தெரியவேணும். அவ்வளவுதான். ஞாபகமிருக்கோ?"

"ஞாபகமா?" உம்மு குல்சும் பேராசிரியரைத் திரும்பிப் பார்த்தாள். "இவர் காலையில சப்பாத்தால தட்டினாரே, அது என்னெண்டு நினைச்ச? தேசிக்காய் கிடந்த மண்ணில புள்ளயள் மிதிச்சிடும் எண்டு, ஒவ்வொண்டு கிடந்த இடத்திலயும் சாம்பலப் போட்டுச் சிரட்டையால மூடி வெச்சிரிக்கம். ஒண்டையும் விடல்ல. போய்ப் பாரு!"

ஞானமலர் திரும்பினாள். அவள் காலையில் கண்ட அதே கரைதான். அதே சிரட்டைகள். கரையின் இரு முனைகளிலும் ஒன்றிரண்டாக ஐதாகத் தொடங்கி, வரவர நெருங்கி, நெருங்கி, அவள் வரைபடத்தில் கறுப்புக் கோடு போட்ட இடத்தில் கால் வைக்க இடமில்லாமல் கவிழ்ந்து கிடந்தன. கொட்டகைக்குள் மரத்தூள் ஒதுங்கும் அதே வளைவு, அதே நெருக்கம். காலையில் அதற்கு நடுவிலேயே நின்றுகொண்டு ஒன்றுமில்லை என்று கைவிரித்திருக்கிறாள்!

"சேர்! பாருங்கோ சேர்!" அவள் சத்தம் போட்டே கத்தினாள்.

பேராசிரியர் பார்த்தார். வரைபடத்தோடு ஒத்துப் பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ஆனால் அந்த மனிதரின் குணம் போகுமா? "வடிவாத்தான் இருக்கு. ஆனால் ஒவ்வொரு சிரட்டைக்குக் கீழயும் உம்மட மிதவை கிடந்ததெண்டு நான் எப்பிடி நம்புறது? வேறை எதுக்கும் மூடியிருக்கலாமே?" என்றார்.

அதுவரை வாய் திறவாத ஸெய்னுதீன் கையை நீட்டிக் காட்டினார். "அந்தத் தொங்கல்ல, கரை முடியிற இடத்தில, ஒண்டு மிச்சம் இரிக்கு சேர். நான் சாக்கக் கொண்டுபோன பொறவு கரையேறினது. அத எடுக்க ஆருக்கும் கை வரல்ல. கிடந்தபடியே மூடி வெச்சம்."

எல்லோரும் அந்தச் சிரட்டையைச் சுற்றி நின்றார்கள். சுற்றி என்றால், நல்ல எட்டத்தில். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "எடுங்கோ, பாப்பம்," என்றார் பேராசிரியர். ஒருவரும் அசையவில்லை. அவரும் அசையவில்லை.

ஞானமலர் குனிந்து சிரட்டையை நிமிர்த்தினாள். சாம்பலுக்குள் பாதி புதைந்து தேசிக்காய் கிடந்தது. உப்புத்தண்ணீரில் சிவப்புப் பூச்சு மங்கிப்போயிருந்தது. கையை நீட்டினாள்.

கை நின்றது.

அவளுக்கே நம்பமுடியவில்லை. அவள் காசு கொடுத்து வாங்கிய தேசிக்காய். அவள் கையால் தோய்த்த பெயின்ற். அவள் எழுதிய இலக்கம். அந்தோனியாரே, இதென்ன, விரலெல்லாம் சில்லிட்டுப் போகிறது? சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தேசிக்காய் வெட்டிப் போட்ட நாற்சந்தியைச் சுற்றிப் போனதெல்லாம் ஒரே நேரத்தில் வந்து கைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. உம்மு குல்சும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் ஏளனம் இல்லை.

"பயமா இரிக்கா புள்ள?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஓம் ராத்தா," என்றாள் ஞானமலர். சொல்லிவிட்டு, அந்தப் பயத்தோடேயே கையை விட்டு எடுத்தாள். சாம்பலைச் சேலைத் தலைப்பால் துடைத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். பெயின்ற்றில் கறுப்பு எழுத்து அழியாமல் இருந்தது.

கூட்டம் மூச்சு விட்டது. உம்மு குல்சும் முதலில் சிரித்தாள், பிறகு எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். "இனிமேக்குத் தோடம்பழமாப் போடு டீச்சர்! எங்கட புள்ளயளாச்சும் தின்னட்டும்," என்றாள் அவள்.

"இந்தாங்கோ சேர், உங்கட ஆதாரம்," என்று ஞானமலர் பேராசிரியரிடம் திரும்பினாள். "பிடிச்சுப் பாருங்கோ. வெறும் தேசிக்காய்தானே."

"தெரியும், தெரியும்," என்றார் பேராசிரியர் சிறில். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, இடுப்பை மட்டும் வளைத்துக் குனிந்து இலக்கத்தை வாசித்தார். "நாற்பத்தொண்டு. உம்மட கையெழுத்துத்தான்." நிமிர்ந்தார். "கொட்டகை உமக்குத்தான், ஞானமலர். திங்கட்கிழமை சபையில நானே சொல்லுறன், ஒருத்தரும் அதில கைவைக்க ஏலாது."

"சேர், அப்ப இதை நீங்களே கொண்டுவந்து சபைக்குக் காட்டுங்கோவன்."

"இல்லை, இல்லை," என்றார் அவசரமாக. "அதை நீரே வைச்சிரும்."

வள்ளத்துக்குத் திரும்பும்போது அவர் முன்னால் நடந்தார். காலையில் தட்டிவிட்ட சிரட்டை இன்னும் மல்லாந்தபடி கிடந்தது. சப்பாத்து நுனியால் அதைப் பக்குவமாக மறுபடியும் கவிழ்த்து வைத்தார். மற்றச் சிரட்டைகளில் ஒன்றையும் தாண்டவில்லை, ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றியே போனார்.